சோடாக் காற்றும் என் மூச்சும்

அன்பு மிகுந்த ராமு அண்ணாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு சேதி சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். போன மாதம் எனக்கும் வயிற்றில் கத்தி வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன்.

பயந்தாயா என்று கேட்காதே. உன் ஆபரேஷன் முடிந்தும் மயக்கம் தெளியாமல், மூச்சு மேலோட்டமாகவே ஓடி, நீ அடங்கிப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எனக்கான ஆபரேஷன் அறையில் ஒரு சிலிண்டர் நின்றது. இதில் என்ன என்று நர்ஸிடம் கேட்டேன். சோடாவில் அடைக்கிற கரியமிலவாயு என்றாள். பவானிபூரில் நீ குமாஸ்தாவாக இருந்த சோடாக் கம்பெனியில் வரிசையாக நிற்குமே, அதேதான். "மூடின ரூம்ல இது கசிஞ்சா ஆள் காலி" என்று சாப்பாட்டு வேளையில் எங்களை மிரட்டியவன் நீதானே?

"அதை வெளியில எடுத்தாத்தான் படுத்துப்பேன்" என்றேன். என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, கையைப் பிசைந்தார். "டாக்டர்கிட்ட வாதாடாதே, கமலா."

வங்காளி டாக்டர் கோபிக்கவில்லை. "மா, கொஞ்சம் மூச்சைப் பிடியுங்கள்" என்றார். பிடித்தேன். முப்பது எண்ணுவதற்குள் நெஞ்சு முட்டியது. "உள்ளே சேர்ந்த அதே காற்றுதான் இப்படி முட்டுகிறது. நிறையக் கொடுத்தால் கொல்லும். பிராணவாயுவோடு துளி கலந்தால் மூச்சை ஆழமாக இழுக்க வைக்கும். மயக்க மருந்தும் சீக்கிரம் வெளியேறும்."

எவ்வளவு துளி? யார் அளப்பது? அளவு தப்பினால்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். படுத்தேன்.

கண் திறக்குமுன் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. மாடிப்படி ஏறி வந்தவள்போல இழுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, இதை அன்றைக்கு உனக்குக் கொடுத்திருந்தால்? டாக்டரிடமே கேட்டேன். அப்போது இந்த முறை இங்கே வரவில்லையாம். வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று அவருக்கும் தெரியவில்லை. உன் மேஜைக்குப் பின்னாலேயே அது அடுக்கியிருந்ததே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாட்டில் வாயிலிருக்கிற கோலிக்குண்டை அமுக்கி, பொங்குகிற சோடாவை என் மூக்கருகே நீட்டி, கண்ணில் நீர் வரவைத்துச் சிரிப்பாய். நீ போனதிலிருந்து வீட்டில் சோடா வாங்குவதில்லை. வருகிற உன் திதியன்று, சடங்கெல்லாம் முடிந்தபின், கூடத்தில் ஒன்று உடைக்கப் போகிறேன். வாத்தியார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். ஆழமாக இழுப்பேன், உனக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
கேட்டுவிட்டே படுத்த உன் தங்கை,
கமலா