டார்ச் பிடிக்க ஆளில்லை

குட்டிம்மா,

நான் சுகம். உன் இருமல் விட்டதா? உன் மாமியாருக்கு முட்டிவலி எப்படி?

நான் ஓட்டும் காரில் ஏசி குமிழ்களுக்குப் பின்னாலிருந்த பல்புகள் போய்விட்டன. இருட்டில் தடவி, குளிருக்குப் பதில் சூட்டைத் திருப்பிவிட்டேன். "என்னப்பா, என்னை அவிச்சுத் திங்கப் போறியா?" என்றார் முதலாளியம்மா.

நேற்று முகப்பைக் கழற்றி நானே புதிது மாட்டினேன். பல்பு அரிசியளவு, என் விரலோ உலக்கை. டார்ச் பிடிக்க ஆளில்லாமல் வாயில் கவ்விக்கொண்டேன். எல்லாம் எரிந்ததும் டார்ச்சை எடுத்துவிட்டு, "எரியுது பாரு" என்றேன். பக்கத்து சீட்டில் கழற்றிய திருகாணிகள்தான் இருந்தன.

முதலாளியம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பரண் பல்பு எரியவில்லை என்றாயே, அதற்கு யாரையும் கூப்பிடாதே. நான் வந்து மாட்டுகிறேன். நீ வழக்கம்போல டார்ச்சை என் முகத்திலேயே அடி. திட்டமாட்டேன்.

உன் டிரைவர்