சதிகாரன் வேஷம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலையா? மாத்திரையை அம்மாவுக்குத் தெரியாம ஒளிச்சு வைக்காதீங்க.

எங்க கிடங்கு ஆளுங்க சேர்ந்து ஒரு பழைய நாடகம் போட்டோம். ராஜாவைக் கொல்லச் சதி பண்றவன் வேஷம் எனக்கு. அவன் கத்தியைத் தொடமாட்டான். ராஜா மேல உயிரையே வச்சிருக்கிற ஒரு நல்லவனைத் தூண்டிவிடுவான். ராஜா செத்ததும் எல்லாரையும்விட அதிகமா அழுவான்.

"கெட்டவனுக்கு என்னய்யா அழுகை, பொய்யா அழு"ன்னு நாடகம் சொல்லிக்குடுத்த ஸ்டோர்கீப்பர் சொன்னார். மேடையில எனக்கு நிஜமாவே வந்துடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அப்பா, வீட்டைப் பிரிச்சுக் கேக்கச் சொல்லி அண்ணனுக்குத் தூபம் போட்டது நான்தான். நடுவுல சுவர் எழும்பின அன்னைக்கு உங்க தோள்ல சாஞ்சு அழுததும் நான்தான். ரெண்டுமே பொய்யில்ல.

இங்க குளிர் தாங்கல. யாராவது வந்தா என் பழைய ஸ்வெட்டரைக் குடுத்தனுப்புங்க. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்க.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன் ஹாரன் அடிக்குது. ஆறு வருஷமா அண்ணன்கூட நீங்க பேசல. அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது. சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கான், ஒரு குரல் குடுங்கப்பா.

உங்க சின்னவன்