வளைகாப்புப் படத்தில் நான் ஓரமாக நின்றது

மரக்காணம்
8.7.2025

அன்புள்ள தமிழ்நிலா அப்பாவுக்கு,

சூர்யகலா எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? உங்களோடு வேலை செய்யும் மணிகண்டன் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுக்கிறேன். போனில் பேசினால் உங்கள் ரூமில் ஆறு பேர் இருக்கிறார்கள். இது அவர்கள் காதில் விழக்கூடிய விஷயம் இல்லை.

வைகாசியில் இரும்பையில் மாமியார் வீட்டில் நம் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தபோது, படத்தில் நான் மட்டும் ஏன் ஓரமாக நிற்கிறேன் என்று கேட்டீர்கள். வெயில் தாங்கவில்லை என்றேன். அது பொய். அன்று காலையில் எனக்கு உதிரம் பட்டிருந்தது. மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் ஆன பிறகு! தீட்டோடு பிள்ளைத்தாச்சியைத் தொடக்கூடாது என்று, பெற்ற மகள் கையில் ஒரு வளையல்கூடப் போடாமல் நின்றேன்.

பங்குனியிலேயே ஒரு தடவை பட்டது. உப்பளத்துச் சூடு என்று நினைத்து மோர் குடித்தேன். கூட வேலை செய்யும் சாலம்மாளிடம் சொன்னதற்கு, "இன்னாடி, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

போன மாதம் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது புடவை நனைந்து கால்வரை வந்துவிட்டது. சாலம்மாள் சிரிக்கவில்லை. தன் துண்டை என் இடுப்பில் சுற்றி, அப்படியே பஸ் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மாவுக்கு நம் பெண் வயதுதான் இருக்கும். "நின்னு போன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் உடனே வரணும்மா. மூணு மாசமா இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். மோர் குடித்தேன் என்றேன்.

கர்ப்பப்பைக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். விலக்கு நின்ற பிறகு அது வற்றி, நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட வேண்டுமாம். ஸ்கேனில் எனக்குப் பதினான்கு. நிறைய பேருக்கு இது பயப்படும்படி இருக்காது, ஆனால் சோதிக்காமல் சொல்ல முடியாது என்று உள்ளேயிருந்து துளி சதை எடுத்தார்கள். கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது, சாலம்மாள் தன்னை என் அக்கா என்று சொல்லிப் போட்டாள்.

ரிசல்ட் வரப் பன்னிரண்டு நாள். போன வருஷம் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் விட்டதற்குத்தானோ என்றுகூட நினைத்தேன். நேற்று வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன, விட்டால் அதுவாகிவிடும், சில சமயம் ஒளிந்தும் இருக்கும், கர்ப்பப்பையை எடுத்து முழுதாகப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. வருகிற 22ஆம் தேதி ஆபரேஷன்.

மூன்று மாதம் குடம்கூடத் தூக்கக் கூடாதாம். ஆவணிக் கடைசியில் தமிழ்நிலாவுக்குப் பிரசவம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வருவேன் என்கிறாள். குழந்தைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஏழு மாத வயிற்றோடு அழுதுகொண்டு ஓடிவந்துவிடுவாள்.

கர்ப்பப்பை இல்லாதவள் பாதிப் பொம்பளை என்று தெருவில் பேசுவார்கள். அதற்குக்கூட எனக்குக் கவலை இல்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்றுதான் நேற்றிலிருந்து பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

லீவு கிடைக்காது என்று தெரியும். கேட்கவில்லை. கடிதம் கிடைத்ததும் ரூமை விட்டு வெளியே வந்து, தனியாக நின்று ஒரு போன் போடுங்கள். பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வேன். நம்பாதீர்கள்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சூர்யகலா