அன்னம்மாளுக்கு நேர்ந்த மெழுகுதிரி

அன்புள்ள மச்சாளுக்கு,

மூன்று வருடமாகக் கூடைப்பந்துக் கிண்ணத்தை விடாத உங்கள் அணி, உச்சமுனைப் பிள்ளைகளிடம் தோற்றுவிட்டதாமே. கேட்டுக் கவலைப்பட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

எங்கள் அணியை விட்டு நீ அங்கே போன அன்றே, அந்த அணி ஒருமுறையாவது தோற்கவேண்டும் என்று தலவில தேவாலயத்து அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தேன். நேர்த்தி பலித்ததென்று ஞாயிறு போய்க் கொளுத்தினேன். வாசலுக்கு வந்தால், வென்ற பிள்ளைகளில் ஒருத்தி யாருக்கோ உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்: "அவ கால் சுளுக்கி விளையாடேல்ல. இல்லாட்டி எங்களால ஏலுமா?"

வென்றாலும் உன் பேர்தான், தோற்றாலும் உன் பேர்தான். திரும்பிப் போய் மெழுகுதிரியை ஊதி அணைத்தேன்.

மிச்சத் துண்டு என் அலுமாரியில் இருக்கிறது. கால் கெதியாகச் சுகமாகட்டும், மச்சாள். நீ விளையாடித் தோற்கவேண்டும்.

இப்படிக்கு,
நீ விட்டுப்போன இடத்தில் விளையாடுகிறவள்