சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி

செவ்வாய், இரவு

புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் வண்டி எழுந்திருப்பதில்லை. கிக்கரும் கிடையாது. போன வாரம் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது காரிமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் பால் வண்டியில்தான் தூக்கிக்கொண்டு போனேன். இன்று மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

சாவியை எடுத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். "வண்டி நிக்கறப்பவும் எதுவோ கரண்டு குடிக்குதுங்க." ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் மீட்டர் இறங்கவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மட்டும் தனியாகப் போனது. அதன் முனையில், சீட்டுக்கு அடியில், தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி.

"ஜிபிஎஸ்ஸுங்க. வண்டி எங்க போகுதுன்னு போன்லயே தெரியும். சார் சொல்லலைங்களா?"

வீட்டுக்காரர் ஓசூரில் வேலையில் இருக்கிறார். நான் பாப்பாரப்பட்டிக்கு அம்மாவைப் பார்க்கப் போன அன்றெல்லாம் ராத்திரி போனில், "என்ன, அம்மா வூட்டுக்கா?" என்பார். அவருடைய அம்மா, அத்தைதான் போட்டுக்கொடுக்கிறார் என்று மூன்று மாதமாக அத்தையிடம் சரியாகப் பேசவில்லை.

அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். "நான் சொல்லலைன்னு அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கழட்டிடட்டுங்களா?" என்றார் மெக்கானிக்.

"கழட்டுனா அவனுக்குத் தெரியுமாப்பா?" அத்தைதான் கேட்டார்.

"உடனே மெசேஜ் போயிருங்க."

இருக்கட்டும் என்றேன். தினமும் கால்மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டால் பேட்டரி தாங்குமாம்.

பாப்பாவுக்கு இன்றும் லேசாக இழுக்கிறது. காலையில் எழுந்ததும், எங்கேயும் போகாமல், வாசலிலேயே வண்டியை ஓடவிட வேண்டும்.