சங்கு ஒலித்தால் வரிசையில் நிற்கவும்

தென்காசி
சனிக்கிழமை

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு,

உன் சித்தி சொக்கம்மாளின் இடது மணிக்கட்டு நீங்கலாக இங்கு அனைவரும் நலம். ராட்டர்டாமில் நீயும் நலமென்றே கொள்கிறேன். வியாழக்கிழமை பேச்சின் நடுவில் போனை வைத்தவள் பிறகு எடுக்கவே இல்லை என்பதால் கையால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஸ்ரீலக்ஷ்மி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அது ஒரு வசதி.

போனில் நீ முழுதும் கேட்காததை முதலிலிருந்து சொல்கிறேன். சாரல் தொடங்கியதும் வாசுதேவநல்லூரிலிருந்து சித்தி ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினாள், அன்றே குற்றாலம் போக வேண்டுமென்று ஒரே பிடிவாதம். எனக்கும் அருவிக்கரையில் நீ வடிவமைத்த எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கும் ஆசை இருந்தது. சோதனைக்கென்று அந்த ஒன்றைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், மற்ற அருவிகளுக்கானவை செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகின்றன. பலகை அழகுதான், மறுக்கவில்லை. வெள்ளைப் பரப்பு, கறுப்பு எழுத்து, இரண்டு பத்திகளில் மும்மூன்றாக ஆறு கட்டங்கள், எந்தக் கட்டத்துக்கும் அடுத்ததற்கும் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி. இடப் பத்தியில் மேலிருந்து கீழாக, ‘தண்ணீர் நிறம் மாறினால்’, ‘சங்கு ஒலித்தால்’, ‘உடனே வெளியேறவும்’. வலப் பத்தியில், ‘கூட்டம் மிகுந்தால்’, ‘வரிசையில் நிற்கவும்’, ‘முந்த வேண்டாம்’. நீ கீழ்நோக்கிப் படிப்பதற்காக எழுதினாய். நம் ஊரார் இடமிருந்து வலமாகப் படித்தார்கள். இனி நீயும் ஒருமுறை அப்படிப் படித்துப் பார்.

தண்ணீர் கலங்கி வந்தது, வெள்ளம் வருகிறதென்று அபாயச் சங்கு ஊதினார்கள். பெண்கள் பகுதியில் குளித்துக்கொண்டிருந்த கூட்டம் ஓடவில்லை. தலையில் எண்ணெயும் கையில் சீயக்காயுமாக, ஒருத்தி பின்னால் ஒருத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை கட்டி நின்றது. சீசன் தோறும் போலீஸ்காரர்கள் வரிசையில் விட்டுப் பழக்கிய கூட்டம் அல்லவா, சொன்னால் நிற்கும். கரையில் நின்ற நான், ஏட்டி சொக்கு, வெளிய வாட்டி என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவளோ, “இரிக்கா, எடத்த விட்டா பொறவு யாரு தருவா? சங்கு ஊதுனா வரிசையில நிக்கணும்னு போர்டுல போட்டிருக்குல்லா!” என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், “பெரியவுக கரையில நின்னுக்கிட்டு குறுக்க பூரப் பாக்காவ” என்று, நான் வரிசைக்குள் நுழையப் பார்ப்பதாக, என்னையே ஏசினாள். கடைசியில் போலீஸ்காரர்கள் தடியோடு இறங்கி விரட்டினார்கள். சித்தி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அவர்கள் நின்ற இடத்தில், கடைசிப் பெண் படியேறியதும், ஒரு மரக்கிளை வந்து கம்பியை வளைத்தது. அந்த வளைவை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அதனால்தான் உன்னால் போனில், கட்டம் போட்ட கிரிட் சரியாத்தான் இருக்கு, ஜனங்களுக்குத்தான் படிக்கத் தெரியல என்று சொல்ல முடிந்தது.

நான் கணிதம் படித்தவள். எண்களை நிரைகளிலும் நிரல்களிலும் அடுக்கியே உத்தியோக காலம் முழுதும் கழித்தவள், கட்டங்களின் மேல் எனக்குப் பகையில்லை. பக்கத்தில் இருப்பவற்றைக் கண் சேர்த்துப் படிக்கும், தள்ளி இருப்பவற்றைப் பிரித்துப் படிக்கும் என்று கல்லூரி விடுமுறையில் நீதான் எனக்கு விளக்கினாய். மேலும் கீழும் நெருக்கி, இரண்டு பத்திகளுக்கு நடுவே நாலு விரல் கூடுதலாக விட்டிருந்தால் கண் தானாகக் கீழே இறங்கியிருக்கும். எல்லா இடைவெளியும் ஒன்றாக இருந்தால்தான் ஒழுங்கு என்று உன்னை நம்பவைத்தவர் யார்? எங்கே எதை ஒன்றாக வைப்பது, எங்கே பிரிப்பது என்று முடிவெடுக்கத்தான் கட்டம். அந்த முடிவை நீ எடுக்கவில்லை, படிப்பவர் தலையில் விட்டுவிட்டாய், அவர்கள் சங்கு ஊதும்போது எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு போய் இரண்டு பத்திகளுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராக வரவில்லை, நீ பார்த்தால் முகம் சுளிப்பாய். காவலாள் மாரிராஜ் ஓடி வந்து, “ஏ ஆச்சி, என்ன சோலி பாக்கிய? இது சர்க்கார் போர்டாக்கும்!” என்றான். என் மவ வரைஞ்சதுலே, நான் கோடு போடுதேன் என்றேன். “அப்பம் ஒங்க மவளையே வந்து தொடச்சிக் குடுக்கச் சொல்லுங்க” என்றான், அதில் நியாயம் இருந்தது. ஆனால் துடைக்க அவசியம் ஏற்படவில்லை. ஈரப் பலகையில் பெயிண்ட் ஒட்டாது என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. இன்று காலை போய்ப் பார்த்தேன், சாரலில் கோடு வழிந்து தரைக்கு வந்திருந்தது. நின்ற இடத்திலேயே வந்தவர்களைப் படிக்கச் சொன்னேன், அச்சன்புதூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சங்கு ஒலித்தால் வரிசையில் நிற்கவும் என்று குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்தது.

நீ வரைந்த முதல் பெரிய வேலை இது, அதற்குப் பரிசும் தந்தார்கள், அதைத் தவறென்று நீயே எழுதுவது கசப்பு என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அச்சை நிறுத்தும் உரிமை உன் கையெழுத்துக்குத்தான் உண்டு என்று, பலகை வைத்த சர்க்கார் அலுவலகத்தில் நான் கேட்டதற்குச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் அச்சை நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு நீ எழுது. எழுதாவிட்டால் செவ்வாய் காலை அவர்கள் கதவைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன், என் மகள் வரைந்தது பிழை, என் தங்கை கையே சாட்சி என்று எழுதிக் கொடுப்பேன். நீ சொன்னால் அது திருத்தம், நான் சொன்னால் அது புகார். எதுவாக வேண்டும் என்று நீ தீர்மானித்துக்கொள்.

குளிரில் வெறும் ரொட்டியைத் தின்று நாளைக் கழிக்காதே, சோறு வடி. சித்தி உன்மேல் கோபமாக இல்லை, பலாச்சுளையை உனக்கு அனுப்ப வழியுண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உலகம்மன் உனக்கு நீண்ட ஆயுளும், தவறைத் தவறென்று சொல்லும் தெம்பும் தரட்டும். திங்கட்கிழமை என்பது நம் ஊர் திங்கட்கிழமை, உன் ஊர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
உலகம்மாள்