தெருவில் நீட்டிய பாவு

காஞ்சிபுரம்
12.7.1968

அன்புள்ள அப்பாவுக்கு,

இல்லை, லாரி கேஸ் வக்கீல் இன்னும் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. தென்னேரியில் அத்தை வீட்டிலேயே இருங்கள்.

தெருவில் நீட்டிக் கட்டிய நம் நெசவு நூல் பாவுக்குக் கஞ்சி தடவ வந்த அர்ஜுனன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். வலது கால் இல்லை.

நஷ்டஈடு கேட்டு மனு எழுதி வீடு வீடாகப் போனேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்மேல் லாரி மோதியதைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சொல்ல ஒருவரும் இல்லை. சொன்னால் இனித் தெருவில் பாவு நீட்ட விடமாட்டார்களோ என்று பயம். லாரி முதலாளியின் ஆள் வேறு, "நடுத்தெருவுல பாவு கட்டிட்டா, லாரி இன்னா வானத்துலயா போவும்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அண்ணனின் மனைவி அங்கம்மாள் அக்கா உங்களைத் திட்டவில்லை. "சாட்சிகூட வேணாம்மா. உங்கப்பாவ ஒரு தபா வந்து இவர பாத்துட்டுப் போவச் சொல்லு" என்றார்.

அன்று பாவின் ஒரு முனையில் நீங்கள் நின்றீர்கள். மறு முனையில் நான். லாரி வந்த வேகத்தை இருவருமே பார்த்தோம். யாருடைய பாவு என்று கோர்ட்டில் கேட்டால், நம்முடையது என்பேன்.

இன்று காலை வக்கீல் வீட்டுக்குப் போய், சாட்சியாக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் மகள்